லுத்தரன் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர்: ஆராதனை, வகுப்பு, கலை மூன்றுக்கும் ஒரே பாட்டின் வழியே

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் லுத்தரன் கல்லூரி ஒன்றில் சேரும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே மூன்று அறிவிப்புகள் வரும். சிற்றாலய ஆராதனை நேரம், இறையியல் பாடம் ஒன்றையாவது முடித்தால்தான் பட்டம் என்ற விதி, பாடகர் குழுவுக்கான குரல் தேர்வு. முதலாவது கிறிஸ்தவர்களுக்கு, மூன்றாவது இசை படிப்பவர்களுக்கு, இரண்டாவது எப்படியாவது கடந்தாக வேண்டியது என்று பிரித்துக்கொள்பவர்கள் நான்கு வருடமும் அந்த வளாகத்தின் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். லுத்தரன் மரபில் இந்த மூன்றும் பிறந்த இடம் ஒன்று. இந்த மரபைத் தொடங்கிய மார்ட்டின் லூதர், சபையார் எல்லாரும் பாடுவதற்காகத் தாய்மொழியில் பாட்டு எழுதினார். 1524ல் ஜெர்மன் நகர மன்றங்களுக்குப் பள்ளிகளும் நூலகங்களும் அமைக்கச் சொல்லி எழுதினார், பெண் பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்தே. அங்கிருந்து வந்த கோரால் எனப்படும் சபைப்பாட்டுத்தான் இன்றும் ஆராதனையிலும் வகுப்பறையிலும் கச்சேரி மேடையிலும் ஒலிக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை போகும் வழியைச் சொல்கிறது. நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. மேற்கத்திய இசை தெரிந்திருக்கவும் வேண்டாம்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

எல்லா லுத்தரன் கல்லூரிகளும் ஒன்றல்ல. 1988ல் உருவான அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபையோடு இணைந்தவை ஒரு பக்கம்: மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப், குஸ்டாவஸ் அடால்ஃபஸ், அயோவாவின் லூதர் கல்லூரி போன்றவை. 1847ல் தொடங்கிய மிசௌரி சினட் என்ற லுத்தரன் சபையின் கன்கார்டியா பல்கலைக்கழகங்கள் இன்னொரு பக்கம். இந்தியானா மாநிலத்தின் வால்பரைசோ பல்கலைக்கழகம் மூன்றாவது வகை. 1859ல் மெத்தடிஸ்டுகள் தொடங்கிய கல்லூரி அது. 1925ல் லுத்தரன் சங்கம் ஒன்று அதை வாங்கியது. இன்றும் எந்தச் சபையின் நிர்வாகத்திலும் இல்லாமல், லுத்தரன் அடையாளத்தோடு தனித்து நடக்கிறது. ‘உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்’ என்ற 36ஆம் சங்கீத வரியின் லத்தீன் வடிவம் அதன் குறிக்கோள் வாசகம்.

இந்த வேறுபாடு நடைமுறையில், அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணையின்போது தெரியவரும். முதல் வகையில் பொதுவாக ஞானஸ்நானம் பெற்ற எவரையும் அழைப்பார்கள். மிசௌரி சினடில் உபதேச ஒற்றுமை உள்ளவர்களுக்கே என்பது வழக்கம். வேறு சபையிலிருந்து வருபவர் ஆயரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. எதற்கும் ஆராதனைத் தாளின் அடியில் உள்ள சிறிய குறிப்பைப் படியுங்கள்; யாருக்கு என்பது அங்கே எழுதியிருக்கும். கிறிஸ்தவரல்லாதவர் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம். பல இடங்களில் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னே போனால் ஆசி மட்டும் கூறி அனுப்புவார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஊரிலிருந்து கிளம்பும் முன்: நான்கு வாரம், நாளுக்கு 15 நிமிடம்

நாம் பிடிக்கப்போகும் பாட்டு பிலிப் நிக்கோலாய் என்ற ஜெர்மன் ஆயர் எழுதி 1599ல் வெளியான ‘வாஹெட் அவ்ஃப்’, அதாவது ‘விழித்தெழுங்கள்’. மணமகனுக்காக விளக்கோடு காத்திருக்கும் பத்துக் கன்னிகைகளின் உவமை, பைபிளில் மத்தேயு 25ல் வருவது, அதன் கரு. கொள்ளைநோய் ஊரை அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் எழுந்த பாட்டு, ஆனால் மெட்டில் துக்கமே இல்லை. பேரானந்தத்தின் ஏற்றம் அது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் காலண்டர்: சபை ஆண்டு முடிந்து, கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வென்ட் தொடங்கும் நவம்பர் கடைசியில்தான் இதைப் பாடுவார்கள். உங்களுக்கு மூன்று மாதம் கிடைக்கிறது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவருக்கு மெட்டு எளிது. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். முதல் வரி ‘ச க ப – ப ப ப த ப’ என்று போகும். அமைப்பும் நினைவில் நிற்கக்கூடியது: மூன்று வரி கொண்ட முதல் பகுதி, அதே மெட்டு இரண்டாம் முறை, பிறகு வேறு மெட்டில் நீண்ட பகுதி. அந்த நீண்ட பகுதியின் கடைசி வரி, முதல் பகுதியின் கடைசி வரியிலேயே வந்து சேர்கிறது. இதை முதலில் கவனித்துவிட்டால் பாதிப் பாட்டு மனப்பாடமானதுபோல.

முதல் வாரம் சங்கராபரணத்தில் சரளி வரிசையை முதல் காலத்தில், கமகம் துளியும் இல்லாமல் பாடுங்கள். கேட்க எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால் காந்தாரமும் ரிஷபமும் தானாக வளையும். நான்கு குரல்கள் சேரும்போது ஒருவருடைய காந்தாரம் அசைந்தாலும் இசைவு குலையும். கொயர் (பாடகர் குழு) நடத்துநர்கள் நம் பாடகர்களிடம் முதலில் திருத்துவது இதைத்தான்.

இரண்டாம் வாரம் ஸ்வரத்தைத் தாளில் பாருங்கள். ஐந்து கோட்டு நொட்டேஷனில் கற்க வேண்டியது இப்போதைக்கு மூன்று: கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஒரு படி, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒரு ஸ்வரம் தாண்டல் (ச–க போல), நிரப்பாத வட்டத்துக்கு நிரப்பிய வட்டத்தைவிட இரு மடங்கு நேரம். அவர்களுடைய டோ-ரே-மி முறையில் டோ இடம் மாறும், நம் ஷட்ஜம்போல. நம் கட்டைக் கணக்கையும் பொருத்திக்கொள்ளுங்கள்: 1 கட்டை அவர்களுடைய சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இந்த மெட்டைக் கையாண்ட ஈ-ஃபிளாட், 2½ கட்டை.

மூன்றாம் வாரம் தலைக்குரல். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் மார்புக்குரலில் பாடிப் பழகிய பெண்களைக் குரல் தேர்வில் ஆல்ட்டோவில் (பெண்களின் கீழ்க்குரல்) போட்டுவிடுவார்கள், மேல் ஸ்தாயியை அவர்கள் ஒருபோதும் பழகாததால். உண்மையில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) குரலாக இருக்கலாம். ‘ஊ’ என்று மிக மென்மையாக உச்சத்தில் தொடங்கி வழுக்கிக்கொண்டே கீழே வாருங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். தொண்டை இறுகினால் சத்தம் அதிகம் என்று பொருள். ஆண்களுக்கும் இதே பயிற்சி, ஆண்களின் மேல்குரலான டெனருக்கு இது அவசியம்.

நான்காம் வாரம் தம்புரா சுருதியை அணைத்துவிட்டுப் பாடுங்கள். கொயரில் ஆதார சுருதி பின்னால் ஒலிக்காது. அதோடு, பல ஞானப்பாட்டுகள் நடுவழியில் ஆதாரத்தைப் பஞ்சமத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பும். கிரகபேதம் தெரிந்தவருக்கு இது சட்டெனப் பிடிபடும்.

முதல் வாரம்: குரல் தேர்வு

வகுப்பு தொடங்கும் வாரத்திலோ அதற்கு முந்தைய நாட்களிலோ நடக்கும். அறிவிப்புத் தாளில் நேரத்தைக் குறித்துப் பெயர் எழுத வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம். சேர்பவர்களில் பெரும்பாலோர் இசை மாணவர்கள் அல்ல, இன்ஜினியரிங், நர்சிங் படிப்பவர்கள். பெரிய கல்லூரிகளில் பல குழுக்கள் உண்டு. தேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் குழு ஒன்றும் பெரும்பாலும் இருக்கும்.

உள்ளே நடப்பது இது. பியானோவில் அரை ஸ்வரமாக ஏற்றி இறக்கி உங்கள் குரலின் எல்லையைப் பார்ப்பார்கள். நான்கைந்து ஸ்வரம் வாசித்துத் திருப்பிப் பாடச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் இதில் மிக நன்றாகச் செய்வார்கள். நொட்டேஷனில் நான்கு முதல் எட்டு அளவு (தாளக் கோடுகளுக்கு இடையிலான பகுதி) வரை பார்த்துப் பாடச் சொல்வார்கள், இங்கேதான் திணறல். கடைசியில் தெரிந்த பாட்டு ஒன்றின் ஒரு சரணம்.

பார்த்துப் பாடும்போது நடக்கும் பெரிய பிழை, ஸ்வரம் தவறியதும் நிறுத்தி மறுபடி தொடங்குவது. நிறுத்தாதீர்கள். ஸ்வரம் தவறினாலும் தாளத்தை விடாமல் போய்ச் சேருபவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். தொடங்கும் முன் முப்பது நொடி கிடைக்கும். அதில் ஷட்ஜம் எந்தக் கோட்டில் என்று கண்டு, எங்கே தாண்டல் வருகிறது என்று மட்டும் பாருங்கள். சரணத்துக்கு ‘வாஹெட் அவ்ஃப்’ முதல் பகுதியே போதும். கீர்த்தனை பாடிக் காட்டலாமா என்றால், கேட்டால் காட்டுங்கள். முதலில் கமகமில்லாத குரலைக் கேட்கட்டும்.

சேர்ந்துவிட்டால் பதிவில் கவனம். கொயருக்குப் பூஜ்ஜியம், அரை அல்லது ஒரு கிரெடிட் என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எஃப்-1 மாணவர் விசாவில் உள்ள இளநிலை மாணவருக்கு 12 கிரெடிட் குறையக்கூடாது என்பது தெரிந்ததே. மேல் எல்லையையும் பாருங்கள்: ஒரே கட்டணத்துக்குள் அடங்கும் கிரெடிட் வரம்பைத் தாண்டினால் ஒரு கிரெடிட் கொயருக்குக்கூடத் தனிக் கட்டணம் விழும். பாடம் சேர்க்க, நீக்கக் கெடு தேதி முதல் ஓரிரு வாரத்திலேயே முடிந்துவிடும். ஒத்திகை வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம். லேப் வகுப்பு மாலையில் இருந்தால் மோதும், அதை முதல் நாளே பாருங்கள்.

ஒத்திகைக்குப் பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். இசைத்தாள் நூலகத்துக்குத் திரும்ப வேண்டியது. அளவு எண்களையும் மூச்சு விடும் இடங்களையும் குறித்துக்கொள்ளாதவர் மூன்றாவது ஒத்திகையில் தொலைந்துபோவார்.

மற்ற மதத்தவர் இந்தச் சொற்களைப் பாடலாமா என்று கேட்பார்கள். ஆண்டாள் பாசுரத்தை கிறிஸ்தவப் பிள்ளைகள் பள்ளியில் பாடியதில்லையா என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. பெரும்பாலோர் மனநிறைவோடு பாடுகிறார்கள். ஏதாவது ஒரு வரி உறுத்தினால் நடத்துநரிடம் நேராகச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல, மரியாதையோடு எடுத்துக்கொள்வார்கள்.

சிற்றாலயம்: எழுந்து நிற்பதிலிருந்து

வார நாள் ஆராதனை பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். பல வளாகங்களில் அந்த நேரத்தில் வகுப்பே வைப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் கட்டாயமும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்று முடிவுசெய்து போங்கள், எல்லா நாளும் போகத் தொடங்கி இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவதைவிட அது மேல்.

வாசலில் தரும் தாளில் பாட்டு எண்கள் இருக்கும். எந்தப் புத்தகம் என்று பாருங்கள்: 2006ல் வெளிவந்த இரண்டு பாட்டுப் புத்தகங்கள் இன்று பரவலாக உள்ளன, இரண்டும் சிவப்புச் சாயல். எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபையின் புத்தகத்தில் நம் பாட்டு 436, மிசௌரி சினடின் புத்தகத்தில் 516.

நடுவிலோ முன்னாலோ உட்காருங்கள். கடைசி வரிசையில் உட்காரும் புதியவர் பாடுவதில்லை, காரணம் வெட்கமல்ல. சுற்றிலும் பாடும் குரல் இல்லாததே. ஆர்கன் முதலில் ஒரு முன்னிசை வாசிக்கும், அதில் சேராதீர்கள். அது முடிந்து ஒரு சிறு மூச்சு. பிறகு எல்லாரும் ஒன்றாக. ஒவ்வொரு சரணத்துக்கு இடையிலும் அதே மூச்சு இருக்கும். சில புத்தகப் பக்கங்களில் நான்கு குரலும் அச்சாகியிருக்கும்: மேல் தொகுதியில் சோப்ரானோவும் ஆல்ட்டோவும், கீழே டெனரும், ஆண்களின் கீழ்க்குரலான பேஸும். முதல் சரணத்தை மெட்டில் பாடிவிட்டு இரண்டாவதில் உங்கள் குரலுக்குத் தாவிப் பாருங்கள். வாரா வாரம் இலவசமாகக் கிடைக்கும் நொட்டேஷன் வகுப்பு இது.

அக்டோபர் கடைசி ஞாயிறு சீர்திருத்தத் திருநாள். பலிபீடத் துணி சிவப்பு. லூதரின் ‘ஐன ஃபெஸ்டெ பூர்க்’, அதாவது ‘அரணான கோட்டை’, பாடாமல் அந்த நாள் போகாது. இங்கே ஒரு பொறி உண்டு: ஒரே மெட்டு இரண்டு வடிவில் அச்சாகியிருக்கும். மிசௌரி சினட் புத்தகத்தில் 656 பழைய துள்ளல் தாளத்தில், 657 சமன்படுத்திய தாளத்தில். நம் ஊர்ச் சபைகளில் சமன்பட்டதையே கேட்டுப் பழகியவர் 656ல் இரண்டாவது வரியிலேயே தடுமாறுவார். எண்ணைப் பார்த்துவிட்டுப் பாடுங்கள்.

தமிழ் லுத்தரன் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கே தனிச் சாதகம். 1706ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து, ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷனரிகள் இதே ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் தந்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபப்ரீசியுஸ் பலவற்றை மெட்டு மாறாமல் பெயர்த்தார். தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் ஞானப்பாட்டு, கீர்த்தனை என்று இரண்டு மரபும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது உலகிலேயே அரிய செல்வம். ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் எடுத்து வையுங்கள். தெரிந்த மெட்டு ஒன்றைப் பாடிக் காட்டினால் ஆர்கன் வாசிப்பவர் அதன் ஜெர்மன் பெயரைச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம், அங்கிருந்து நட்பும் தொடங்கும்.

ஆர்கனைக் கேட்பது

வால்பரைசோவின் உயிர்த்தெழுதல் சிற்றாலயம் 1959ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பெயர்தான் சிற்றாலயம், கல்லூரி ஆலயங்களில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் ஆர்கனை ஷ்லிக்கர் நிறுவனம் கட்டியது, 1996ல் டாப்சன் நிறுவனம் விரிவாக்கியது.

ஆராதனை முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள், முடிவிசை நடக்கிறது. அது முடிந்தபின் வாசித்தவரிடம் போய் ஆர்கனின் வாசிப்பு மேடையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். குமிழ்களில் 16, 8, 4 என்று எண் இருக்கும்: அடிக் கணக்கு. 8 என்றால் அழுத்திய கட்டையின் இயல்பான சுருதி, 4 ஒரு ஸ்தாயி மேல், 16 ஒரு ஸ்தாயி கீழ். இது தெரிந்ததும் நம் பாட்டின் மீது பாக் எழுதிய ஆர்கன் இசையை, பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புகளின் பட்டியல் எண்) 645ஐ, கேளுங்கள். வலது கையில் வரும் இனிய இசைதான் முதலில் காதில் விழும், அது கோரால் இல்லை. நடுவில், டெனர் உயரத்தில், இடது கையில் நீண்ட ஸ்வரங்களாக வருவதே கோரால். கால் கட்டைகளில் பேஸ். நடுக்குரலைப் பிரித்துக் கேட்க முடிந்த நாளில் உங்கள் காது வேறு காது.

இறையியல் வகுப்பு

இது ஞாயிறு பள்ளி அல்ல. உங்கள் நம்பிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. நம்பாமைக்கும் கழிவு கிடையாது. பத்தியைக் கூர்ந்து படித்து, ஒரு கருத்தை எடுத்து, ஆதாரத்தோடு நிறுவுவதற்கே மதிப்பெண். நம் மாணவர்கள் இரண்டு வகையில் இழக்கிறார்கள்: பாடப் பகுதியைச் சுருக்கி எழுதிவிட்டுக் கட்டுரை என்று கொடுப்பது, அல்லது பிரசங்கம் செய்வது. மூன்றாவது ஆபத்து, மேற்கோள் குறியின்றி எடுத்தாள்வது. வால்பரைசோவில் தேர்வுத்தாளிலும் கட்டுரையிலும் மாணவர் நேர்மை உறுதிமொழியை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறர் செய்த முறைகேட்டைச் சகித்துக்கொள்ளவில்லை என்பதும் அதில் அடக்கம்.

ஐந்து பக்கக் கட்டுரைக்குத் தலைப்பைத் தேடுபவருக்கு நம் பாட்டே போதும். பாக் 1731ல் இதை வைத்து எழுதிய கேன்டாட்டா (குரலும் வாத்தியமும் சேரும் பல பகுதி இசை), பி.டபிள்யூ.வி. 140, ஏழு பகுதி கொண்டது. 1, 4, 7ல் நிக்கோலாயின் மூன்று சரணங்கள். 3, 6ல் ஆத்துமாவும் கிறிஸ்துவும் பாடும் காதல் உரையாடல், பைபிளின் காதல் நூலான உன்னதப்பாட்டின் மொழியில். உவமையில் எண்ணெய் எடுத்துவராத ஐந்து கன்னிகைகளுக்குக் கதவு அடைபடுகிறது. பாட்டில் அந்தக் கதவடைப்பு எங்கே போனது? இது நல்ல கேள்வி. மத்தேயு 25:1–13ஐ ஒரு பக்கம், பாட்டின் சரணங்களை இரண்டு பக்கம், கேன்டாட்டாவின் ஒரு பகுதியை ஒரு பக்கம், உங்கள் முடிவை ஒரு பக்கம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முதல் பத்தியோடு ஆசிரியரை அலுவல் நேரத்தில் பாருங்கள். அப்படிப் பார்ப்பது இங்கே சலுகை கேட்பதாகாது. அவர்கள் எதிர்பார்ப்பது அது.

‘அழைப்பு’ என்ற சொல்லை எல்லா வகுப்பிலும் கேட்பீர்கள். ஆயருக்கு மட்டுமல்ல, செருப்புத் தைப்பவருக்கும் தாய்க்கும் கடவுள் தந்த வேலை உண்டு, அயலாருக்குப் பயன்படுவதே அது என்பது லூதரின் போதனை. இன்ஜினியரிங் துறைகூட இதைப் பேசும்.

மேடையும் அருங்காட்சியகமும்

வால்பரைசோவின் கிறைஸ்ட் காலேஜ், 1967ல் தொடங்கிய, தேர்ந்த மாணவர்களுக்கான ஹானர்ஸ் கல்லூரி. அதன் முதலாண்டு மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே ஓர் இசை நாடகத்தைத் தாங்களே எழுதி, இசையமைத்து, மேடையேற்றுவது மரபு. நடிக்கத் தெரியாதவர் ஒளியமைப்புக்கோ உடைக்கோ பெயர் கொடுக்கலாம். படித்த நூல்களின் வாதம் மேடையில் சண்டையாக மாறுவதைப் பார்ப்பதுதான் அங்கே கல்வி.

அங்கே உள்ள பிரவுயர் அருங்காட்சியகத்தின் பெயரை வேறு காரணத்துக்காகவும் கேள்விப்படுவீர்கள். ஜார்ஜியா ஓ’கீஃப் ஓவியம் உட்பட மூன்று ஓவியங்களை விற்று முதலாண்டு மாணவர் விடுதியைப் புதுப்பிக்கப் பல்கலைக்கழகம் 2023ல் முடிவெடுத்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. விடுதி மாணவருக்குத் தேவை, உண்மைதான்; ஆனாலும் கற்பிப்பதற்காகச் சேர்த்த ஓவியத்தை விற்றால் அந்தப் பாடத்தை மறுபடி வாங்க முடியாது என்பதே எங்கள் கருத்து. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அங்குள்ள கலைக்கூடம் திறந்திருக்கிறதா என்று முதல் மாதமே பார்த்து, ஒரே ஓவியத்தின் முன் இருபது நிமிடம் இருங்கள்.

டிசம்பர்

கிறிஸ்மஸ் இசை விழா இந்தக் கல்லூரிகளின் ஆண்டு உச்சம். செயின்ட் ஓலாஃபில் எஃப். மெலியுஸ் கிறிஸ்டியான்சன் 1912ல் தொடங்கியது. இன்று ஐந்து பாடகர் குழுக்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேரும். விழா வாரத்தில் தினமும் மாலை ஒத்திகையோ நிகழ்ச்சியோ இருக்கும், அடுத்த வாரமே இறுதித் தேர்வு. ஆகவே கடைசிக் கட்டுரைகளைத் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் முடித்தாக வேண்டும். உடை என்ன என்று செப்டம்பரிலேயே கேளுங்கள். பெரும்பாலும் தலை முதல் கால் வரை கறுப்பு, கறுப்பு ஷூ உட்பட. பல குழுக்கள் உடையை வாடகைக்குத் தரும். மேடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும்: முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றால் மயக்கம் வரும், லேசாகத் தளர்த்தியே நில்லுங்கள், மாலை ஐந்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சைவ உணவு வேண்டுமென்றால் உணவகத்துக்கு முந்தைய நாளே சொல்லிவையுங்கள். நிகழ்ச்சி நாளில் நேரம் கிடைக்காது.

கேன்டாட்டாவை ஜெர்மனில் பாட நேர்ந்தால் ‘வாஹெட்’ என்பதன் நடு ஒலிதான் சிக்கல். ‘பகல்’ என்பதில் வரும் ககரத்தைக் குரலை எடுத்துவிட்டு உராய்வோடு மட்டும் சொன்னால் நெருங்கிவிடும். அதை வன்ககரமாக அழுத்தினால் முழு வரிசையிலும் தனித்துக் கேட்கும்.

அடுத்த செமஸ்டருக்கான பதிவு நவம்பரிலேயே திறக்கும். கொயரை மறுபடி பதிவுசெய்ய வேண்டும், தானாகத் தொடராது. சுற்றுப்பயணம் போகும் குழுவுக்கு மாற விரும்பினால் நடத்துநரிடம் டிசம்பருக்கு முன் சொல்லுங்கள். பயணம் கனடாவையோ ஐரோப்பாவையோ தொட்டால் விசாவும், ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்தும் தேவைப்படும், அதற்கு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் குறைந்தது சில வாரங்களை ஒதுக்குங்கள்.